பிள்ளையின் அறைக்குப் பிள்ளையே நிறம் தேர்ந்தெடுக்க: டர்பன் வீடுகளுக்கான பெயிண்ட் செய்முறை

“உன் ரூமுக்கு என்ன கலர் வேணுமோ நீயே சொல்லு” என்று பதினான்கு வயதுப் பிள்ளையிடம் சொல்கிறோம். அது “கறுப்பு” என்றதும் “கறுப்பெல்லாம் வேண்டாம்” என்கிறோம். பெரும்பாலான வீடுகளில் வேலை கெடுவது இந்த இடத்தில்தான். எதற்கெல்லாம் சம்மதம் இல்லை என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். அதன்பின் அந்த எல்லைக்குள் பிள்ளை எதைச் சொன்னாலும் மறுக்கக் கூடாது. மற்றதெல்லாம் சுவர், வெளிச்சம், பெயிண்ட் பற்றிய விஷயம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கத்துப் பூச்சுச் சுவர் வீடுகளில் முதன்முறையாக பிரஷ் பிடிப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

எப்போது ஆரம்பிப்பது

தீபாவளிக்கு வீட்டுக்குப் பெயிண்ட் அடிப்பது நம் வழக்கம். ஆனால் அது வரும் அக்டோபர், நவம்பரில் டர்பனில் மழைக்காலம் தொடங்கியிருக்கும். காற்றில் ஈரம் அதிகம், பெயிண்ட் காயத் தாமதமாகும். ஜூன், ஜூலை பள்ளி விடுமுறைதான் சரியான நேரம்: மழை குறைவு, பிள்ளையும் வீட்டில் இருக்கும். பூச்சு வேலைக்கு மூன்று நாள் போதும். நிறம் தேர்ந்தெடுக்க அதற்கு முன் இரண்டு வாரம் விடுங்கள்.

படி 1: எல்லையைச் சொல்லுங்கள்

நான்கு விஷயங்களை ஒரு தாளில் எழுதிப் பிள்ளையிடம் கொடுங்கள்: எவ்வளவு ராண்ட் செலவிடலாம், சீலிங் வெள்ளைதான், அடர்ந்த நிறம் ஒரு சுவருக்கு மட்டும், அடுத்த பெயிண்ட் மூன்று வருடம் கழித்துத்தான். இதில் எதையாவது மாற்றிக்கொள்ள விரும்பினால் மாற்றுங்கள், ஆனால் தாளைக் கொடுப்பதற்கு முன்பே.

வீட்டில் ஆயா (பாட்டி) இருந்தால் அவரிடமும் முன்பே பேசிவிடுங்கள். “கறுப்பு வீட்டுக்கு ஆகாது” என்று அவர் சொன்னால் அது அவருடைய நம்பிக்கை. அதையும் மதிக்க வேண்டும். கறுப்பு கூடாது என்பது வீட்டின் முடிவானால் அதுவும் முதல் நாளே தாளில் இருக்கட்டும். அடர்ந்த மயில்நீலம், கரும்பச்சை, கத்தரிக்காய் நிறம் எல்லாம் அப்போதும் பிள்ளைக்குத் திறந்தே இருக்கும். கடையில் வைத்து மறுத்தால் மட்டுமே அது பிள்ளைக்குத் துரோகமாகப் படும்.

இரண்டு பேர் ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு ஒரு சுவர். மற்ற இரண்டு சுவர்களுக்கு இருவரும் ஒத்துக்கொள்ளும் ஒரு வெளிர் நிறம்.

படி 2: “பிடித்த நிறம் என்ன?” என்று கேட்காதீர்கள்

சட்டையில் பிடிக்கிற நிறம் வேறு, நான்கு பக்கமும் சூழ்ந்து நிற்கிற நிறம் வேறு. பிடித்த அறைகளின் படங்களாகப் பத்து அல்லது பன்னிரண்டை போனில் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். பிறகு சேர்ந்து உட்கார்ந்து, திரும்பத் திரும்ப வருவது என்ன என்று பாருங்கள். “கறுப்பு வேணும்” என்ற பிள்ளை சேர்த்த படங்களில் உண்மையில் இருப்பது மங்கலான விளக்கும் மரப் பலகையும் கரும்பச்சைச் சுவருமாக இருக்கலாம். அது தேடுவது ஒரு குகை மாதிரியான அமைதியை. அதற்குப் பல நிறங்கள் உண்டு.

கைசர் சீஃப்ஸ் கால்பந்து அணியின் ரசிகர் தங்க மஞ்சளும் கறுப்பும் கேட்பார். பளீர் மஞ்சளை நான்கு சுவரிலும் அடித்தால் ஒரு சுவரின் நிறம் இன்னொன்றில் பட்டுத் திரும்பி, அறை முழுக்க மஞ்சள் வெளிச்சமாகிவிடும். பாடப் புத்தகத்தின் தாள்கூட மஞ்சளாகத் தெரியும். அந்த மஞ்சளைப் போர்வைக்கும் திரைச்சீலைக்கும் தள்ளலாம் என்று காரணத்தோடு சொல்லிப் பாருங்கள். முடிவு பிள்ளையுடையது.

படி 3: ஜன்னல் எந்தத் திசை?

தமிழ்நாட்டிலிருந்தோ இங்கிலாந்திலிருந்தோ வரும் ஆலோசனைகளைப் படித்து ஏமாறுவது இந்தப் படியில்தான். தெற்கு ஜன்னலுக்குத்தான் வெயில் என்று அவை சொல்லும். நாம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கிறோம். டர்பனில் நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் வடக்கில்தான். அதனால் அந்தக் குறிப்புகளைத் தலைகீழாகத் திருப்பிப் படிக்க வேண்டும். போனில் இருக்கும் திசைகாட்டியைப் பாருங்கள்.

வடக்கு ஜன்னல் அறையில் நீலம், பச்சை, சாம்பல் எதுவும் நன்றாக நிற்கும்; வெளிர் மஞ்சள் மட்டும் கண்ணைக் கூசும். தெற்கு ஜன்னல் அறைக்கு நேர் வெயில் குறைவு, வரும் வெளிச்சம் நீலச் சாயலோடு வரும். அங்கே வெளிர் சாம்பலும் நீலம் கலந்த வெள்ளையும் அழுக்குப் படிந்த மாதிரி இருக்கும். வெந்தய நிறம், செம்மண், மாந்துளிர் நிறம் என்று கொஞ்சம் மஞ்சளோ சிவப்போ கலந்தவற்றைக் காட்டுங்கள். அல்லது இருட்டோடு சண்டை போடாமல் ஒரு சுவரைத் துணிந்து அடர்த்தியாக்குங்கள். கிழக்கு, மேற்கு ஜன்னல்களில் நிறம் காலையும் மாலையும் மாறும். பிள்ளை அறையில் இருக்கும் நேரத்துக்குத்தான் அங்கே மதிப்பு.

படி 4: அட்டையில் அடித்துப் பாருங்கள்

எதைத் தவிர்த்தாலும் இந்தப் படியைத் தவிர்க்காதீர்கள். கடையின் கலர் அட்டையில் தீப்பெட்டி அளவில் இருக்கும் நிறம், முழுச் சுவரில் ஏறும்போது இன்னும் கூர்மையாகத் தெரியும். அட்டையில் “கொஞ்சம் மங்கல்” என்று தோன்றுவதுதான் பல நேரங்களில் சுவரில் சரியாக அமையும்.

பிள்ளை மூன்று நிறங்களைத் தேர்ந்தெடுக்கட்டும், மூன்றுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றிலும் கடையில் கிடைக்கும் மிகச் சிறிய அளவு வாங்கி, 42 × 59 செ.மீ. வெள்ளை அட்டையில் இரண்டு பூச்சு அடியுங்கள். சுற்றிலும் 5 செ.மீ. வெள்ளை ஓரம் விடுங்கள். இல்லாவிட்டால் பழைய சுவரின் நிறம் பக்கத்தில் நின்று கண்ணை ஏமாற்றும். நிறத்தின் பெயரையும் எண்ணையும் பின்புறம் எழுதுங்கள்.

காய்ந்த அட்டைகளை ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு நாள், ஜன்னல் இருக்கும் சுவரில் ஒரு நாள் ஒட்டுங்கள். காலை 8 மணி, நண்பகல், மாலை 4 மணி, இரவு விளக்கில் என்று நான்கு முறை பார்க்கச் சொல்லுங்கள். இரவுப் பார்வை முக்கியம்: 2700 கெல்வின் மஞ்சள் பல்பில் நீலம் மங்கிச் சாம்பலாகும், 6500 கெல்வின் வெள்ளைப் பல்பில் செம்மண் வெளுத்துவிடும். பல்பை மாற்றும் எண்ணம் இருந்தால் நிறம் பார்ப்பதற்கு முன்பே மாற்றுங்கள்.

சாம்பல் நிறங்களில் ஒரு சாயல் ஒளிந்திருக்கும். அட்டையைப் பளீர் வெள்ளைத் தாளின் மேல் வையுங்கள். ஊதாவா, பச்சையா, நீலமா என்று உடனே தெரியும்.

படி 5: அளவும் கணக்கும்

3 × 3.6 மீட்டர் அறை, உயரம் 2.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நான்கு சுவரும் சேர்ந்து 33 சதுர மீட்டர். கதவுக்கு 1.6, ஜன்னலுக்கு 1.8 கழியுங்கள். கட்டிலின் தலைமாட்டில் இருக்கும் 3.6 மீட்டர் சுவர் அடர்ந்த நிறத்துக்கு: 9 சதுர மீட்டர். மீதிச் சுவர்கள்: 20.6.

ஒரு லிட்டர் ஒரு பூச்சுக்குச் சுமார் 8 சதுர மீட்டர் வரும் (டப்பாவில் போட்டிருக்கும் எண்ணையும் பாருங்கள்). வெளிர் நிறம் இரண்டு பூச்சுக்கு 5.15 லிட்டர், அதாவது ஒரு 5 லிட்டர் டப்பாவும் ஒரு 1 லிட்டர் டப்பாவும். அடர்ந்த சுவருக்கு மூன்று பூச்சு என்று கணக்கிடுங்கள்: 3.4 லிட்டர்.

ஏன் மூன்று? அடர்ந்த நிறத்தைக் கலக்கக் கடைக்காரர் எடுக்கும் அடிப் பெயிண்டில் வெள்ளை நிறமி மிகக் குறைவு. சுவரை மூடும் சக்தி பெரும்பாலும் அந்த வெள்ளையில்தான் இருக்கிறது. பளீர் சிவப்பும் மஞ்சளும் இதனால்தான் பலரை அழவைக்கின்றன. நான்கு பூச்சுக்குப் பிறகும் அடியிலிருப்பது தெரியும். வழி இதுதான்: அண்டர்கோட்டையே (நிறத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சை) சாம்பலாகக் கலந்து தரச் சொல்லி முதலில் ஒரு பூச்சு அடியுங்கள் (9 சதுர மீட்டருக்குச் சுமார் 1 லிட்டர்). மஞ்சளுக்கு மட்டும் சாம்பல் வேண்டாம், வெள்ளை அண்டர்கோட் போதும்.

முழு மேட் பூச்சில் அடர்ந்த நிறம் அழகாக இருக்கும், ஆனால் கை பட்ட இடமெல்லாம் தெரியும். இந்த வயதுப் பிள்ளையின் அறைக்கு லேசான பளபளப்புள்ள, கழுவக்கூடிய பிவிஏ (தண்ணீர் கலந்த சுவர் பெயிண்ட்) நல்லது. கலந்த பெயிண்டைக் கடையில் திரும்ப எடுக்க மாட்டார்கள். எண்ணை இரண்டு முறை சரிபார்த்துக் கலக்கச் சொல்லுங்கள்.

படி 6: சுவரைத் தயார் செய்தல்

வேலையில் பாதி இதுதான். பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளலாம், ஓர் எச்சரிக்கையோடு. சாட்ஸ்வொர்த்தின் பல வீடுகள் 1960களில் கட்டியவை. பெயிண்டில் ஈயத்துக்குச் சட்ட வரம்பு வந்ததே 2009இல்தான். பழைய பூச்சை, முக்கியமாகக் கதவு, ஜன்னல் சட்டத்து எனாமலை (எண்ணெய் கலந்த பளபளப்புப் பெயிண்டை), உலர்வாகத் தேய்க்கவே வேண்டாம். தண்ணீர் தொட்டு ஈர உப்புத்தாளால் தேய்த்து, துணியால் துடைத்து, அந்தத் துணியை எறிந்துவிடுங்கள். அந்த வேலை பெரியவர்களுடையது. பழைய சீலிங் பலகையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அதைச் சுரண்டவோ துளைக்கவோ கூடாது.

அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை இருந்தால் ஒரு பங்கு ஜிக் (ப்ளீச் திரவம்), மூன்று பங்கு தண்ணீர் கலந்து தடவி, 15 நிமிடம் விட்டுக் கழுவுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், கையுறை போடுங்கள், ஜிக்கோடு வேறு எந்தச் சுத்தத் திரவமும் சேர்க்காதீர்கள். பூஞ்சைமேல் பெயிண்ட் அடித்தால் அடுத்த மழையில் அது மீண்டும் வெளியே வரும். வேலை முடிந்ததும் அலமாரியைச் சுவரிலிருந்து 5 செ.மீ. தள்ளி வைத்தால் காற்று போகும்.

பிறகு மூன்று சோதனை. உள்ளங்கையால் தேயுங்கள்: மாவு ஒட்டினால் கழுவிக் காயவைத்து பிளாஸ்டர் பிரைமர் (பூச்சுச் சுவருக்கான முதல் அடிப்பூச்சு) அடிக்க வேண்டும். மெத்திலேட்டட் ஸ்பிரிட் நனைத்த துணியால் தேயுங்கள்: நிறம் துணியில் வந்தால் பிவிஏ, வராவிட்டால் எனாமல். எனாமல் சுவரென்றால் சுகர் சோப்பால் (சுவர் கழுவும் சோப்பு) கழுவி, 220ஆம் எண் ஈர உப்புத்தாளால் பளபளப்பை எடுத்து, யுனிவர்சல் அண்டர்கோட் அடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் புதுப் பெயிண்ட் தோலாக உரியும். மூன்றாவதாக, ஓர் ஒட்டும் டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுங்கள். பெயிண்ட் கூடவே வந்தால் அந்த இடத்தில் தளர்ந்த பெயிண்டை எல்லாம் நீக்க வேண்டும்.

ஆணி ஓட்டைகளை ஃபில்லரால் அடைத்து, காய்ந்தபின் ஈரத் துணியால் சமப்படுத்துங்கள். அடைத்த இடங்களில் பிரைமர் தொட்டு வையுங்கள். ஃபில்லர் பெயிண்டை உறிஞ்சுவதால், பிரைமர் இல்லாத இடம் பிறகு மங்கலான வட்டமாகத் தெரியும்.

படி 7: அடித்தல்

ஒரே நிறத்தின் எல்லா டப்பாக்களையும் பெரிய வாளியில் ஒன்றாகக் கலந்துகொள்ளுங்கள். தனித்தனியாகக் கலந்த டப்பாக்கள் இம்மியளவு வேறுபடலாம். சுவரின் நடுவில் அந்த வேறுபாடு தெரியும்.

முதலில் சீலிங், பிறகு வெளிர் சுவர்கள், அடுத்து அடர்ந்த சுவர், கடைசியாகக் கதவும் சட்டங்களும். ஓரங்களில் 50 மி.மீ. பிரஷால் 5 செ.மீ. அகலக் கோடு இழுத்து, அது காயும் முன்பே 230 மி.மீ. ரோலரால் சேர்த்துவிடுங்கள். ஒருவர் ஓரம், ஒருவர் ரோலர்: பெற்றவரும் பிள்ளையும் சேர்ந்து செய்ய இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை. ரோலர் பிள்ளையிடம் இருக்கட்டும். அதில் கற்பதும் எளிது, சுவர் மாறுவதும் கண்முன்னே தெரியும். ஒரு சுவரை ஆரம்பித்தால் பாதியில் சாப்பிடப் போகாதீர்கள். காய்ந்த விளிம்பின் மேல் மீண்டும் அடித்தால் பட்டை விழும்.

முதல் பூச்சு திட்டுத்திட்டாகத்தான் இருக்கும். “தப்பான கலர் எடுத்துட்டேனா?” என்று பிள்ளை பயப்படுவது அப்போதுதான். இரண்டாம் பூச்சு காயும்வரை யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று முன்பே பேசிவையுங்கள். பூச்சுகளுக்கு இடையே டப்பாவில் சொன்ன நேரம் விடுங்கள், மேகமூட்டமான நாளானால் அதைப்போல் இரண்டு மடங்கு. கடைசிப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே மாஸ்கிங் டேப்பைச் சாய்வாக இழுத்து எடுங்கள். காய்ந்தபின் எடுத்தால் விளிம்பு கிழியும்.

அதன் பிறகு

இரண்டு மூன்று இரவு பிள்ளை வேறு அறையில் படுக்கட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும். தொட்டால் காய்ந்தது போலிருந்தாலும் பெயிண்ட் முழுதாக இறுகச் சுமார் ஒரு மாதம் ஆகும். அதுவரை பிரெஸ்டிக் (போஸ்டர் ஒட்டும் பசைமாவு) வைத்துப் போஸ்டர் ஒட்ட வேண்டாம். எண்ணெய்க் கறை விழும், பெயிண்டும் கூடவே பெயரும். எல்இடி பட்டை விளக்கை ஒட்டவும் அதே கெடுதான். பொறுக்க முடியாவிட்டால் அலமாரியின் பின்விளிம்பில் ஒட்டிக்கொள்ளலாம்.

ஒவ்வொரு நிறத்திலும் 250 மி.லி. எடுத்துக் கண்ணாடிப் பாட்டிலில் இறுக மூடி, நிறத்தின் எண்ணையும் தேதியையும் ஒட்டிவையுங்கள். கீறல் விழும்போது பிரஷால் தொடாமல் சிறிய ரோலரால் உருட்டினால்தான் பழைய பூச்சோடு சேர்ந்து நிற்கும்.