சன்ஸ்கிரீன் எவ்வளவு பூசணும்? டூவீலரில் போகிறவர்களுக்கு

சன்ஸ்கிரீன் டியூபில் எஸ்.பி.எஃப் என்று ஒரு எண் போட்டிருக்கும், வெயிலிலிருந்து எவ்வளவு பாதுகாப்பு என்று சொல்வது. அது 30 உள்ளதை வாங்குவதா, 50 உள்ளதை வாங்குவதா என்று கடையில் நின்று ரொம்ப யோசிக்கிறோம். சரியான அளவில் பூசினால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. தோலைச் சுட்டுச் சிவக்கவைக்கும் யூ.வி.பி என்ற வெயில் கதிர்களில் 30 சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 சுமார் 98. ஆனால் எஸ்.பி.எஃப் எண்ணைச் சோதனைக்கூடத்தில் கணக்கிடுவது, ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் பூசிப் பார்த்து. நம்மில் பலர் அதில் பாதிகூடப் பூசுவதில்லை. அளவு பாதியானால் பாதுகாப்பும் பாதியாகிவிடும். அதற்கும் கீழே போகலாம்.

முதலில் டியூபைப் பாருங்கள். எஸ்.பி.எஃப் குறைந்தது 30 இருக்கட்டும். தோலைக் கருக்கவைக்கும் யூ.வி.ஏ கதிரையும் தடுக்கும் என்பதற்கு அடையாளமாக பி.ஏ+++ அல்லது ‘பிராட் ஸ்பெக்ட்ரம்’ என்று போட்டிருக்க வேண்டும். காலாவதித் தேதியையும் பார்த்துவிடுங்கள்.

கிளம்புவதற்கு 15 நிமிடம் முன்பு, ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனிவரை ஒவ்வொரு கோடு பிழியுங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இந்த இரண்டு கோடு. பார்த்தால் அதிகமாகத்தான் தெரியும். மொத்தத்தையும் ஒரே தடவையில் அப்பினால் வெள்ளையாகத் திட்டுத் திட்டாக நிற்கும், மாநிறத்துக்கு மேல் இன்னும் எடுப்பாகத் தெரியும். அதனால் முதல் கோட்டைப் புள்ளி புள்ளியாக வைத்துப் பரப்புங்கள். அது கொஞ்சம் படிந்ததும் இரண்டாவது கோடு. பவுடர் மாதிரி தேய்த்துத் தேய்த்துப் போடவேண்டாம், மெதுவாகப் பரப்பினால் போதும்.

காது, பின்கழுத்து, கழுத்தின் பக்கவாட்டு இவற்றைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம் கைகள். வண்டி ஓட்டும்போது புறங்கை முழு நேரமும் வெயிலைப் பார்த்தபடி இருக்கும். அரைக்கை சட்டை என்றால் ஒவ்வொரு கைக்கும் ஏறக்குறைய இரண்டு கோடு தேவை. அது கட்டுப்படியாகாது என்றால் முழுக்கைச் சட்டையும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். துணிக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபூச்சு வேண்டியதில்லை.

சன்ஸ்கிரீனுக்கு வேண்டும். வெயிலிலேயே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. வியர்த்து வழிந்தாலோ முகம் கழுவினாலோ அதற்கு முன்பே. நாள் முழுக்க ஆபீசுக்குள் இருந்தால், மாலை வெயிலில் கிளம்புமுன் ஒரு தடவை பூசினால் போதும்.

முகத்துக்கும் கழுத்துக்கும் தினம் ஒருமுறை பூசினாலே 50 கிராம் டியூப் ஒன்று, ஒன்றரை மாதத்தில் தீர்ந்துவிடும். உங்களுடையது ஆறு மாதம் ஓடுகிறதா? அடுத்த முறை தாராளமாகப் பிழிய மனசு வருகிற விலையில் வாங்குங்கள். வண்டி டிக்கியில் மட்டும் வைக்காதீர்கள், சூட்டில் கெட்டுவிடும்.