கிளார்க் கீக்கு மாலை ஐந்தரைக்கே போங்கள்

ஊரிலிருந்து சிங்கப்பூர் வருகிறவர்கள், ஆற்றோரப் பழைய கிடங்குகளில் இன்று மதுக்கூடங்களும் உணவகங்களும் நடக்கும் கிளார்க் கீக்கு எப்போது போகலாம் என்று கேட்டால், மாலை ஐந்தரை மணிக்கு என்பேன். ஆட்டபாட்டம் சூடு பிடிக்க ஒன்பதாகும், உண்மைதான். ஆனால் வண்ண விளக்கு எரிய ஆரம்பித்துவிட்டால் கிடங்குகள் கண்ணுக்குத் தெரியாது.

ராஃபிள்ஸ் பிளேஸ் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி, 1869-இல் கட்டிய கேவனா பாலத்துக்கு வாருங்கள். மாடு, குதிரை ஏறக்கூடாது என்ற பழைய பலகை இன்னும் இருக்கிறது. பாலத்தைத் தாண்டினால் ஆசிய நாகரிக அருங்காட்சியகத்தின் பக்கம் ஒரு செட்டியாரின் வெண்கலச் சிலை. அங்கே நான் எப்போதும் கொஞ்சம் நிற்பேன். என் தாத்தா, செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கி ஒன்றுக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடி வேலைக்கு, வந்தவர். ஆற்று நாற்றத்தை வைத்தே கிட்டங்கிக்கு வழி கண்டுபிடிப்பாராம். அந்தக் கிட்டங்கிகள் இன்று இல்லை.

சரி, பாலத்தைத் திரும்பக் கடந்து வந்து, பழைய படகுத்துறையான போட் கீ வழியாக நடங்கள். சாப்பிட அழைப்பவர்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, தலையைத் தூக்கி மேல்மாடியைப் பாருங்கள். மரச் சன்னல்கள், ஓட்டுக் கூரை. அப்புறம் தண்ணீருக்கு இறங்கும் படிகளில் குனிந்து பாருங்கள். தொங்கான் என்ற சரக்குப் படகுகளிலிருந்து மூட்டைகள் முதுகிலேறி வந்த படிகள் அவை. ஆரம்ப காலத்தில் படகோட்டியவர்களில் நம் சூலியாக்கள், அதாவது தமிழ்க் கடற்கரையிலிருந்து வந்த முஸ்லிம்கள், நிறையப் பேர். 1977-இல் அப்போதைய பிரதமர் லீ குவான் யூ ஆற்றைச் சுத்தம் செய்யச் சொன்னார். 1983-இல் படகுகள் மேற்குக் கடலோரப் பாசிர் பாஞ்சாங்குக்குப் போயின. 1987-க்குள் ஆறு தெளிந்தது, ஆனால் துறை வெறிச்சோடிவிட்டது. அந்த வெறுமையில்தான் மதுக்கூடங்கள் வந்தன. கிடங்குகள் இடிபடாமல் தப்பியதற்கு அவையும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன். அதனால் எனக்கு அவற்றின் மேல் கோபமில்லை.

ஆற்றோரமாகவே போனால் ரீட் பாலம், 1889-இல் கட்டியது. வேலை முடிந்த தியோச்சியூ சீனக் கூலிகள் கதை கேட்கக் கூடிய இடம். ஏழேகால் வரை அங்கேயே உட்காருங்கள். எதிரே 1993-இல் திறந்த கிளார்க் கீ, ஐந்து தொகுதிக் கிடங்குகள். பெரிய குடைகள் போன்ற கூரை 2006 வாக்கில் வந்தது.

விளக்கு வந்ததும் உள்ளே போகலாம். பாலத்தில் உட்கார்ந்து குடிக்க நினைத்தால் இரவு 10.30-க்குள் முடித்துவிடுங்கள், அதற்கு மேல் பொது இடத்தில் குடிப்பது குற்றம். திரும்பிப் போக கிளார்க் கீ எம்ஆர்டி நிலையம் ஆற்றின் தென்கரையிலேயே இருக்கிறது.