கோடை லீவும் சபை வேலையும்: ஒரே தாளில் திட்டம் போடுவது எப்படி?

கடைசிப் பரீட்சை முடிந்து வந்து சின்னவன் பென்சில் டப்பாவைக் கட்டிலுக்கடியில் எறிகிற அன்றைக்கே என் போன் அடிக்க ஆரம்பித்துவிடும். முதலில், விடுமுறை வேதாகமப் பள்ளிக்காக சண்டே ஸ்கூல் டீச்சர்: "அக்கா, வி.பி.எஸ்.ல ஒரு நாள் சுண்டல் உங்க பொறுப்பு." அடுத்து வாலிபர் சங்கத்துத் தம்பி: "முகாமுக்குப் பேர் குடுக்கணும்க்கா, ஞாயித்துக்கிழமை கடைசி." அதற்குள் கே.புதூரிலிருந்து நாத்தனார்: "லீவு விட்டாச்சே மதினி, பிள்ளைகள எப்ப அனுப்புறீங்க?" மூன்று பேருக்கும் "சரி, சரி" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தால், மூன்றும் ஒரே வாரத்தில் வந்து நிற்கும்.

இந்த வருஷம்தான் பிள்ளை முதல்முதலாக வாலிபர் கூட்டத்துக்குப் போகிறது, எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்கிற அம்மாக்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் மதுரையில் பசுமலைப் பக்கம். பெரியவள் பத்தாவது முடித்திருக்கிறாள், சின்னவன் நாலாவது. நாலைந்து கோடையில் அடிபட்டுக் கற்றுக்கொண்ட முறை இது.

தேவையானவை: மளிகைக் கடையில் சும்மா கொடுக்கும் மாதக் காலண்டர், ஒரு வெள்ளைச் சார்ட், சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று நிறத்தில் ஸ்கெட்ச் பேனா. போனில் ஆப் எல்லாம் இருக்கிறது, தெரியும். ஆனால் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய தாளைத்தான் மாமியாரும் படிப்பார், வீட்டுக்காரரும் "எனக்கு யாரும் சொல்லலையே" என்று தப்பிக்க முடியாது. சார்ட்டில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் முதல் வாரம் வரை கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: முதலில் நிலாவைப் பாருங்கள்

நம் கையில் இல்லாத தேதிகளை முதலில் சிவப்பில் குறிக்க வேண்டும். மதுரையில் அவற்றில் பெரியவை இரண்டும் நிலாவைப் பிடித்துக்கொண்டு வருபவை. மார்ச் 21-லோ அதற்குப் பிறகோ வரும் பௌர்ணமியை அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். அழகர் ஆற்றில் இறங்குவது சித்ரா பௌர்ணமிக்கு. சில வருஷம் இரண்டும் ஒட்டிக்கொண்டே வரும். 2022-ல் ஏப்ரல் 16 அழகர், மறுநாள் ஈஸ்டர். சில வருஷம் விலகிப் போகும். 2025-ல் ஏப்ரல் 20 ஈஸ்டர், அழகர் இறங்கியது மே 12. அதனால் போன வருஷத் தாளைப் பார்த்து இந்த வருஷத்துக்கு எழுதாதீர்கள்.

ஈஸ்டர் தெரிந்துவிட்டால் பரமேறிய திருநாளையும் (40-ஆம் நாள், எப்போதும் வியாழக்கிழமை) பெந்தெகொஸ்தேயையும் (50-ஆம் நாள்) விரல் விட்டு எண்ணிவிடலாம். பாடகர் குழுவில் பிள்ளை இருந்தால் பெந்தெகொஸ்தேக்கு முந்தின வாரம் ஒத்திகை இருக்கும். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

"நாம கோயிலுக்குப் போறவங்களா, சித்திரைத் திருவிழா தேதி நமக்கு எதுக்கு?" என்று ஒரு காலத்தில் நானும் நினைத்தேன். ஒரு வருஷம் அழகர் இறங்குகிற நாள் உள்ளூர் விடுமுறை, வீட்டுக்காரரும் சும்மா இருக்கிறார், விடியற்காலையிலேயே எல்லாம் முடிந்திருக்கும் என்று கணக்குப் போட்டு, பத்து மணிக்குப் பிள்ளைகளோடு வைகைக்கு அந்தப் பக்கம் கே.புதூருக்குக் கிளம்பினேன். யானைக்கல் தாண்டவில்லை, ஆட்டோக்காரர் வண்டியை அணைத்துவிட்டு, "இறங்கி நடங்கம்மா, வேற வழியில்ல" என்றார். இரண்டு பை, இரண்டு பிள்ளை, கையில் நாத்தனாருக்கு வாங்கிய மல்லிகைப்பூப் பொட்டலம். கூட்டத்தில் ஒருவர் ஆட்டுத்தோல் பையிலிருந்து பீய்ச்சிய தண்ணீர் சரியாக என் தலையில் விழுந்தது. வழியெல்லாம் பந்தல் போட்டு நீர்மோரும் பானகமும் கொடுத்தார்கள். சின்னவன் ஒவ்வொரு பந்தலிலும் நின்றான். நாத்தனார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பிரியாணி ஆறிப்போய், அவள் முகம் சிவந்திருந்தது. இன்றைக்கும் "லீவுல எங்க போனீங்க?" என்று யார் கேட்டாலும் சின்னவன் முதலில் சொல்வது அந்த நாளைத்தான். இருந்தாலும் நீங்கள் தேதியைக் குறித்துவிடுங்கள். தேரோட்டம் அன்று மாசி வீதிப் பக்கமும் வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளை இருந்தால் ரிசல்ட் நாளும் சிவப்புதான். மே மாதத்தில் வரும். தேதி அறிவிக்கும்வரை பென்சிலில் எழுதி வையுங்கள்.

படி 2: சபைத் தேதிகளை வாயால் கேட்காமல் எழுத்தில் வாங்குங்கள்

வி.பி.எஸ்., அதாவது விடுமுறை வேதாகமப் பள்ளி, எங்கள் சபையில் பத்து நாள். காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டரை வரை. பாட்டு, வேதபாடம், மனப்பாட வசனம், கைவேலை என்று போகும். கடைசி நாளுக்கு முந்தின காலை தெருவில் பவனி, கடைசி நாள் சாயங்காலம் பெற்றோர் முன்னால் கலை நிகழ்ச்சி. பத்து நாள் என்றுதான் அறிவிப்பில் வாசிப்பார்கள். உங்கள் பிள்ளை வாலிபர் கூட்டத்தில் இருந்தால் அது பத்து நாளில் முடியாது. ஏனென்றால் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பதே இந்த வாலிபப் பிள்ளைகள்தான். அவர்களுக்கு முன்கூட்டியே ஆசிரியர் பயிற்சி உண்டு, சார்ட் எழுதும் சாயங்காலங்கள் உண்டு. போன வருஷம் எங்கள் ஹாலில் நான்கு பெண்பிள்ளைகள் உட்கார்ந்து நோவாவின் பேழைக்கு யானை வெட்டினார்கள். ஃபெவிக்கால் காய ஃபேனை நிறுத்தச் சொன்னார்கள். மே மாதத்தில், மதுரையில்!

அதனால் கேட்க வேண்டிய கேள்வி "எப்ப ஆரம்பிக்குது?" இல்லை. "பயிற்சி எப்ப, பவனி எப்ப, கலை நிகழ்ச்சி எப்ப, என் பொறுப்பு எந்த நாள்?" என்று நான்காகக் கேளுங்கள். பதிலை வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லுங்கள். இவற்றை நீலத்தில் எழுதுங்கள்.

படி 3: ஒவ்வொன்றுக்கும் இரண்டு கட்டம்

இந்த ஒரு படியை மட்டும் செய்தாலும் போதும் என்பேன். நம்மைப் படுத்துவது நிகழ்ச்சி இல்லை, அதற்கு முந்தின சாயங்காலம்தான். கலை நிகழ்ச்சி ஏழு மணிக்கு முடிந்துவிடும். முந்தின நாள் ராத்திரி பதினொன்றரைக்கு "அம்மா, நான் சகேயு. எனக்கு அங்கி வேணும்" என்று சின்னவன் வந்து நின்றதுதான் ஆளைச் சாய்த்தது. தாத்தாவின் பழைய கோடு போட்ட லுங்கியைக் கிழித்துத் தைத்தேன். சகேயு இயேசுவைப் பார்க்க ஏறிய காட்டத்தி மரத்துக்குப் பதில் சமையலறை ஸ்டூல்.

ஆகவே நீலத்திலோ பச்சையிலோ (பச்சை ஊர் சுற்றலுக்கு, படி 6-ல் வரும்) ஒன்றை எழுதினால், அதற்கு முந்தின கட்டத்தில் அதன் வேலையையும் எழுதுங்கள். "சுண்டல்" என்றால் முந்தின நாள் "கடலை ஊற". "பவனி" என்றால் "தொப்பி, வெள்ளைச் சட்டை இஸ்திரி". முகாமுக்கு மட்டும் மூன்று கட்டம். போவதற்கு முந்தின நாள், போகும் நாட்கள், வந்த மறுநாள். வந்த மறுநாள் துணி துவைப்பதும் தூங்குவதும்தான். அந்தக் கட்டத்தில் விருந்தாளியைக்கூட விடாதீர்கள்.

இப்படி எழுதினால் தாளில் காலிக் கட்டம் எவ்வளவு குறைவு என்று தெரிந்துவிடும். அதன் பிறகுதான் நாத்தனாருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

படி 4: சுண்டல் நாள்

முதல்முறை செய்பவர்களுக்கு அளவுதான் பயம். ஒரு பிள்ளைக்கு 50 கிராம் காய்ந்த கொண்டைக்கடலை என்று வையுங்கள். அறுபது பிள்ளைக்கு 3 கிலோ. ஊறி வெந்தால் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். குட்டிப் பிள்ளைகள் மிச்சம் வைப்பது டீச்சர்களுக்குச் சரியாகிவிடும்.

ராத்திரி பத்து மணிக்கு ஊறப்போடுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம். மே மாதச் சூட்டில் ஆறு மணிக்கே ஊறப்போட்டால் விடியும்போது மேலே நுரை கட்டி, புளித்த வாடை வந்துவிடும். காலையில் தண்ணீரை மாற்றி இரண்டு தடவை அலசுங்கள். ஒரு கிலோவாகப் பிரித்துப் பெரிய குக்கரில் வேகவையுங்கள். விரலால் நசுக்கினால் மசிய வேண்டும், ஆனால் தோல் கழன்று ஓடக்கூடாது. அந்தப் பதம். தாளிப்பில் கடுகு, உளுந்து, கறிவேப்பிலை, பெருங்காயம், வர மிளகாய் போதும். தேங்காய் வேண்டவே வேண்டாம். பதினொரு மணி வெயிலில் ஆலயத்து வராந்தாவில் தேங்காய் போட்ட சுண்டல் என்ன ஆகும் என்பதை ஒருமுறை பார்த்துவிட்டேன். பதிலுக்கு இரண்டு கிளிமூக்கு மாங்காயைப் பொடியாக நறுக்கித் தனி டப்பாவில் கொண்டுபோய், பரிமாறும்போது கலந்துவிடுங்கள். முதல் நாள் அறிவிப்பிலேயே "டப்பாவும் ஸ்பூனும் கொண்டு வாங்க" என்று சொல்லச் சொன்னால் காகிதத் தட்டுச் செலவும் இல்லை.

சுண்டலுக்குப் பதில் எலுமிச்சை ஜூஸ் பொறுப்பு வந்தால் வேலை சுலபம். அறுபது பேருக்கு 9 லிட்டர், முப்பது பழம், ஒரு கிலோ சர்க்கரை, கொஞ்சம் உப்பு.

படி 5: வாலிபர் முகாம்

எங்கள் பிள்ளைகள் பெரும்பாலும் கொடைக்கானல்தான் போவார்கள். மதுரையிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர். வத்தலக்குண்டு தாண்டி காட்ரோட்டில் மலை ஏற ஆரம்பித்தால் வளைவுதான். வாந்தி வரும் பிள்ளைக்குக் காலையில் இரண்டு இட்லிக்கு மேல் கொடுக்காதீர்கள். பொங்கல், பூரி கூடவே கூடாது. ஒரு எலுமிச்சம்பழமும் இரண்டு கேரி பேக்கும் பைக்கு வெளியே, கை எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவற்றைக் கூச்சப்படாமல் கேளுங்கள். பெண்பிள்ளைகள் அறையில் ராத்திரி கூடத் தங்கும் பெரியவர் யார்? உடம்புக்கு முடியாவிட்டால் யார் கூட்டிப்போவார்? போனை வாங்கி வைத்துக்கொள்வார்களா? வாங்கி வைத்தால் நாம் எந்த எண்ணுக்குப் பேசுவது? நம் ஆயரே கூடப் போனாலும் கேட்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நினைத்தாலும் பரவாயில்லை. அப்புறம், ரிசல்ட் நாள் முகாமுக்குள் விழுகிறதா என்று படி 1-ல் பென்சிலில் எழுதியதைப் பாருங்கள். விழுந்தால் பிள்ளையின் பதிவெண்ணையும் பிறந்த தேதியையும் நீங்கள் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

2024 மே 7-லிருந்து உயர்நீதிமன்ற உத்தரவின்படி கொடைக்கானலுக்கு வண்டியில் போக இ-பாஸ் எடுக்க வேண்டும். முகாமுக்கு வேன் பிடித்திருந்தால் அதை வேன்காரர் எடுத்துவிட்டாரா என்று கேட்டால் போதும். குடும்பத்தோடு சொந்தக் காரில் போனால் நீங்கள்தான் பதிய வேண்டும். அரசுப் பேருந்தில் அந்தக் கவலை இல்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு அங்கே தடை. வீட்டில் மூலையில் கிடக்கும் எவர்சில்வர் பாட்டிலைத் தேடி எடுங்கள்.

பையில் வேதாகமம், ஒரு நோட்டு, ஸ்வெட்டர், காலுறை இரண்டு ஜோடி, டார்ச். மதுரையில் ஃபேனுக்கடியில் வேர்த்துக்கொண்டு ஸ்வெட்டர் மடிக்கச் சிரிப்பாகத்தான் இருக்கும், ஆனால் மேலே ராத்திரி நடுங்கும். பெண்பிள்ளைக்கு நாப்கின், தேதி எதுவாக இருந்தாலும். துண்டின் ஓரத்தில் பெயரை நூலால் தைத்துவிடுங்கள். முப்பது பிள்ளைகளில் பத்துப் பேரிடமாவது அதே பச்சைத் துண்டு இருக்கும்.

படி 6: மிஞ்சிய கட்டத்தில் ஊர் சுற்றல்

இதைப் பச்சையில் எழுதுங்கள். அக்னி நட்சத்திரம் பெரும்பாலும் மே 4-லிருந்து 28 வரை. அந்த நாட்களில் எங்கள் வீட்டுச் சட்டம் ஒன்றுதான். ஆறு மணிக்குக் கிளம்பி, வெயில் உறைப்பதற்குள் கூரைக்கடியில் வந்துவிட வேண்டும்.

கீழக்குயில்குடி சமணர் மலை எங்களுக்குப் பக்கம். தாமரைக் குளத்தைச் சுற்றிவிட்டு, பாறை சுடுவதற்குள் ஏறி இறங்கிவிடலாம். அரை நாள் இருந்தால் ராமேஸ்வரம் சாலையில் கீழடி அருங்காட்சியகம். 2023 மார்ச்சில் திறந்தது, செட்டிநாட்டு வீடு மாதிரிக் கட்டியிருக்கிறார்கள். விடுமுறை எந்தக் கிழமை என்று மட்டும் முதல் நாளே விசாரித்துவிடுங்கள். அதே சாலையில் இன்னும் போனால் இடைக்காட்டூர் திரு இருதய ஆலயம், 1894-ல் கட்டியது. பிரான்சின் ரீம்ஸ் நகரப் பேராலயத்தைப் பார்த்துக் கட்டினார்களாம். நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), அது கத்தோலிக்கக் கோயில். மாமியார் முதலில் கொஞ்சம் தயங்கினார். உள்ளே போய் உட்கார்ந்தவரைக் கிளப்பத்தான் அரை மணி நேரம் ஆனது.

குட்லாடம்பட்டி அருவி வேண்டாம். மே மாதத்தில் பாறையைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள். குற்றாலத்தில் சாரல் விழ ஜூன் ஆகிவிடும்.

கட்டுச்சோற்றுக்குப் புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல். தயிர்சாதம் வேண்டுமென்றால் சாதத்தைக் குழைத்து, நிறையப் பாலும் ஒரு ஸ்பூன் தயிரும் மட்டும் ஊற்றுங்கள். போகிற வழியில் அதுவே உறைந்து சரியாக இருக்கும்.

படி 7: டெய்லர்

சார்ட்டில் மே முதல் வாரத்தில் ஒரு கட்டத்தில் "யூனிபார்ம் அளவு" என்று எழுதுங்கள். நான் ஒரு வருஷம் முகாம், வி.பி.எஸ். எல்லாம் முடியட்டும் என்று மே 25-க்குத் துணியைக் கொடுத்தேன். பள்ளி திறந்து பத்து நாள் சின்னவன் போன வருஷ பேண்ட்டில் போனான், பேண்ட் நுனிக்கும் ஷூவுக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. இரண்டு அங்குலம் மடித்துத் தைக்கச் சொல்ல மறக்காதீர்கள். லீவில்தான் பிள்ளைகள் வளர்கிறார்கள்.