தெமோதரை ரயில் வளையத்தை மாதிரி ரயில் பாதையாக வீட்டு மேசையில் கட்டுகிறீர்களா?

தண்டவாளத்தைப் பசை போட்டு ஒட்டுவதற்கு முன்னால் ஏற்றத்தைக் கணக்குப் பாருங்கள். தெமோதரையில் பாதை சுற்றி வந்து, ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்துக்குள் போகிறது இல்லையா, அதை எச்ஓ அளவில் (நிஜ ரயிலில் 87இல் ஒரு பங்கு) செய்ய மேல் தண்டவாளத்துக்கும் கீழ் தண்டவாளத்துக்கும் நடுவே 8 சென்டிமீட்டராவது வேண்டும். நம் மலைநாட்டுப் பாதையின் 44க்கு 1 என்ற ஏற்றத்தையே (44 மீட்டர் ஓடினால் 1 மீட்டர் உயர்வது) வைத்தால் அதற்கு மூன்றரை மீட்டர் ஓட்டம் தேவை, 60 சென்டிமீட்டர் ஆரமுள்ள ஒரு முழுச் சுற்று போதும். இதைவிடச் செங்குத்தாக வைக்காதீர்கள், வளைவில் எஞ்சின் சறுக்கும்.

அப்புறம், நுவரெலியா, ஹட்டன் பக்கத்து ஈரத்துக்குப் பலகை ஊதிவிடும். அடிப்பக்கம், வெட்டிய ஓரம் எல்லாவற்றுக்கும் வார்னிஷ் அடித்துக் காயவிடுங்கள். பிறகு தற்காலிகமாகச் சிற்றாணி வைத்து, இருப்பதிலேயே நீளமான கோச்சியை ஏற்றியும் இறக்கியும் ஓட்டிப் பார்த்துவிட்டு ஒட்டுங்கள்.