ஆர்ட் படம் பாக்கறப்போ நான் பண்ணின தப்புங்க

மொதல் தப்பு, பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படம் பாக்கறது. ஜன்னல காட்டினா இது எதுக்குக் குறியீடு, நாய் குறுக்க போனா அதுக்கு என்ன உள்ளர்த்தம்னு மண்டைய உடைச்சிக்கிட்டே இருப்பேன், படம் அது பாட்டுக்கு ஓடிடும். நாய் பல நேரம் வெறும் நாய்தாங்க.

அதவிட பெரிய தப்பு ஸ்பீட 1.5ல வச்சு பாக்கறது. பெல்ஜியம் டைரக்டர் சான்டல் அகெர்மன் 1975ல எடுத்த ‘ழான் டீல்மான்’ 201 நிமிஷம், ஒரு அம்மாவோட மூணு நாள், பெரும்பாலும் வீட்டுக்குள்ளயே, கேமரா நகரவே நகராது. மொதல் தடவ ஓட்டி ஓட்டி பாத்துட்டு, உருளைக்கிழங்கு தோல் சீவறத எல்லாம் எவன் பாப்பான்னு மூடி வச்சுட்டேன். ரொம்ப நாள் கழிச்சு ஓட்டாம பாத்தேன். மொதல் நாள் எல்லாம் கணக்கா நடக்கும், ரூம விட்டு வெளிய வந்தா லைட்ட அணைப்பாங்க, பாத்திரத்த மூடுவாங்க. ரெண்டாவது நாள் கிழங்கு குழைஞ்சிடும். அந்தப் பாத்திரத்த கையில தூக்கிக்கிட்டு என்ன பண்றதுன்னு தெரியாம வீட்டுக்குள்ளயே அங்கயும் இங்கயும் அலைவாங்க பாருங்க, எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கிச்சு, கொலைப்படத்துல கூட இப்படி அடிச்சதில்ல. மொதல் நாள முழுசா உக்காந்து பாக்காதவங்களுக்கு அது வெறும் குழைஞ்ச கிழங்கு, அவ்ளோதான்.

2022ல ‘சைட் அண்ட் சவுண்ட்’ங்கற பிரிட்டிஷ் சினிமா பத்திரிகை, எல்லா காலத்துக்கும் சிறந்த படம் எதுன்னு விமர்சகர்கள்கிட்ட எடுத்த வோட்டுல இந்தப் படம்தான் ஃபர்ஸ்ட். அத நம்பி எடுத்த எடுப்புலயே இதுல எறங்கறதும் தப்புதான். சின்னதா ஆரம்பிங்க. ஈரான் டைரக்டர் கியரோஸ்தமி 1987ல எடுத்த ‘வேர் இஸ் த ஃப்ரெண்ட்ஸ் ஹவுஸ்’ ஒன்றர மணி நேரம் கூட வராது, கூட படிக்கிற பையனோட நோட்டு தெரியாம தன்கிட்ட வந்துருச்சுன்னு திருப்பிக் குடுக்க ஒரு சின்னப் பையன் பக்கத்து ஊருக்கு ஓடறான், கத அவ்ளோதான்.

ஃபோன் ஸ்பீக்கர்ல பாக்காதீங்க, பாதி படம் சத்தத்துலதான் இருக்கும்.

அப்புறம் தூக்கம் வந்தா வெக்கப்படறது. கியரோஸ்தமியே தூங்க வைக்கிற படங்கள் எனக்குப் புடிக்கும்னு சொன்னவருதான். ரஷ்ய டைரக்டர் தார்கோவ்ஸ்கியோட ‘ஸ்டாக்கர்’ (1979) பாக்கறப்போ, மூணு பேரும் டிராலில தண்டவாளத்துல போற சீன்ல, அந்த டக்கு டக்கு சத்தத்துலயே கண்ணு சொருகிடுச்சு. முழிச்சுப் பாத்தா, பழுப்பா ஓடிட்டிருந்த படம் பச்சப் பசேல்னு கலராயிருக்கு. எப்ப மாறிச்சுன்னே தெரியல. பின்னாடி தள்ளி மறுபடியும் பாத்தேன், இந்த தடவ ஸ்பீட தொடல.