பவர்டு பாராகிளைடரில் பிக் இயர்ஸ்: ட்ரிம்மர்தான் வில்லன்

மேல்காற்று தூக்கும்போது இறங்க நான் முதலில் நாடுவது பிக் இயர்ஸ், அதாவது இறக்கையின் இரு நுனிகளையும் ('காதுகளை') மடித்துக்கொள்வது. எஞ்சினோடு பறக்கும்போது இது சொதப்புவதற்குப் பெரும்பாலும் ட்ரிம்மர்தான் (இறக்கையின் வேகத்தை மாற்றும் பட்டை) காரணம். ரிஃப்ளெக்ஸ் இறக்கையில் (பின்விளிம்பு சற்றே மேல்நோக்கி வளையும் வகை) ட்ரிம்மரை வேகமான நிலைக்குத் திறந்துவைத்து வெளி ஏ லைன்களை (முன்விளிம்பைத் தாங்கும் கயிறுகளில் ஓரத்தில் இருப்பவை) இழுத்தால், லைன் கல் மாதிரி இறுகியிருக்கும். பலம் போட்டு இழுத்தால் ஒரு பக்கம் மட்டும் தாறுமாறாக மடியும்.

த்ராட்டிலை ஐடிலுக்குக் கொண்டுவந்து, ட்ரிம்மரை மெதுவான நிலைக்கு மூடி, இரு பக்கமும் ஒரே சமயத்தில் இழுத்ததும் சிக்கல் தீர்ந்தது. உங்கள் இறக்கைக்கான ட்ரிம்மர் நிலையைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். பிரேக் கைப்பிடி கையிலேயே இருக்கட்டும். நழுவினால் புரொப்பல்லர் விழுங்கிவிடும்.

காது மடிந்ததும் இழுவை கூடி வேகம் குறையும், தாக்குகோணம் (இறக்கை எதிர்காற்றைச் சந்திக்கும் கோணம்) ஏறும். ஸ்டால் (இறக்கை தூக்குவிசையை இழப்பது) பக்கம் போகாமலிருக்க, வேகம் கூட்டும் கால்மிதியான ஸ்பீட் பாரை மிதிக்க வேண்டும். ஆனால் காது மடிந்த பிறகுதான். பார் மிதித்தபடி மடிக்கப்போனால் இறக்கையே மடங்கலாம். இந்த நிலையில் த்ராட்டிலைக் கூட்டாதீர்கள், தாக்குகோணம் இன்னும் ஏறும். இறக்கம் வினாடிக்குச் சுமார் 3 மீட்டர்தான், பொறுமை வேண்டும். விடும்போது பார் முதலில், காது பிறகு. விரியாவிட்டால் ஒரு பக்கம், பிறகு மறுபக்கம் என்று பிரேக்கை லேசாகத் தட்டலாம். இரண்டையும் சேர்த்து ஆழமாக இழுக்கவே கூடாது.

ஸ்பைரலில், அதாவது சுருளாகச் சுற்றி இறங்கும்போது, இறக்கம் வினாடிக்கு 10 மீட்டரைத் தாண்டும். பயிற்றுநர் இல்லாமல் வேண்டாம். வெளியே வரும்போதும் ஓரிரு சுற்றுகளில் படிப்படியாக விடுங்கள்; சட்டென்று விட்டால் இறக்கை மேலே எகிறி முன்னால் பாயும்.