பினாங்கின் ஈரக்காற்றில் நீர்வண்ணம்: முதல் வானமும் ஜெராய் மலையும்

முதல் பூச்சு முடிந்ததும் ஐந்து நிமிடம் காத்திருக்கச் சொல்லும் காணொளிகளில் பெரும்பாலானவை வறண்ட காற்றுள்ள ஊர்களில் எடுத்தவை. ஜார்ஜ்டவுனில் மழை ஓய்ந்த மாலையில், ஏர்கோன் இல்லாத அறையில், அதே பூச்சு அரை மணி நேரம் ஆனாலும் உள்ளே ஈரமாகவே இருக்கும். அதன்மேல் அடுத்த வண்ணத்தை வைத்தால் அடிப்பூச்சு கிளம்பிச் சேறாகும். ஆகவே கடிகாரத்தை மறந்துவிட்டுத் தாளின் மினுமினுப்பைப் பாருங்கள். இந்தப் பாடத்தில் முக்கியமானது அதுதான்.

வரையப்போவது எளிய காட்சி. வானம் தெளிந்த நாளில் எஸ்பிளனேட் கடற்கரையில் நின்று வடக்கே பார்த்தால் கெடாவின் ஜெராய் மலை தெரியும். 1,217 மீட்டர் உயரம். பழைய கடாரத்தின் மலை. வானம், மலை, கடல் என மூன்றே பகுதிகள். கோபுரமும் கடைவீடுகளும் பிறகு வரட்டும்.

வாங்க வேண்டியவை

பணத்தைத் தாளில் போடுங்கள். வண்ணம் மாணவர் தரமாக இருந்தால் பாதகமில்லை, தாள் மட்டமாக இருந்தால் எந்த உத்தியும் பலிக்காது. நூறு சதவீதம் பருத்தி, 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்), கோல்டு பிரஸ் (சற்றே சொரசொரப்பான பரப்பு) என்று பார்த்து வாங்குங்கள். 56 x 76 செ.மீ. முழுத்தாளை எட்டாக வெட்டினால் 19 x 28 செ.மீ. துண்டுகள் கிடைக்கும். பயிற்சிக்கு அந்த அளவு போதும். 190 ஜிஎஸ்எம் தாள் நனைந்ததும் அலையலையாக வளையும், பள்ளங்களில் வண்ணம் தேங்கும்.

தூரிகையில் 10ஆம் எண் உருண்டை ஒன்று, ஓர் அங்குலத் தட்டை ஒன்று. செயற்கை மயிரே போதும். வண்ணங்கள் நான்கு: அல்ட்ராமெரின் நீலம், பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), எலுமிச்சை மஞ்சள், குயினாக்ரிடோன் ரோஸ். இந்த ஓவியத்துக்கு முதல் மூன்றும் போதும். தாலோ நீலத்தை இப்போதைக்குத் தவிருங்கள். அது தாளில் கறையாகப் பிடித்துக்கொள்வதால் மேகத்துக்காக ஒற்றி எடுக்க வராது. தேன் கலந்த வண்ணங்கள் நம் ஊர்க் காற்றில் பிசுபிசுப்பாகவே இருக்கும், வண்ணப்பெட்டியில் நிரப்பி வைக்க அவை ஒத்துவராது.

கலப்பதற்கு வெள்ளைப் பீங்கான் தட்டு நல்லது. புதிய பிளாஸ்டிக் தட்டில் வண்ணம் முத்து முத்தாகத் திரண்டு நிற்கும். தூரிகை கழுவ ஒரு குவளை, சுத்த நீருக்கு ஒரு குவளை, டிஷ்யூ, மாஸ்கிங் டேப், ஒரு பலகை.

படி 1: ஒட்டுதல், கோடு

தாளின் நான்கு ஓரங்களையும் டேப்பால் பலகையில் ஒட்டுங்கள். கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் அடிவானக் கோடு, அதன்மேல் மலையின் வெளிக்கோடு, இரண்டும் மெல்லிய பென்சிலில். பலகையின் மேல்முனைக்கு அடியில் டேப் உருளையைப் படுக்க வைத்தால் சரியான சாய்வு கிடைக்கும்.

படி 2: வானம்

பச்சைப்பயறு அளவு அல்ட்ராமெரினை இரண்டு தேக்கரண்டி நீரில் முன்கூட்டியே கரைத்து வையுங்கள். பாதியில் தீர்ந்து மறுபடி கலக்கப் போனால் வானத்தில் தையல்போல் கோடு விழும்.

தட்டைத் தூரிகையால் அடிவானம் வரை சுத்த நீர் பூசுங்கள். அது உள்ளே இறங்கியதும் இன்னொரு முறை. தேங்கிய நீரை ஓரங்களில் ஒற்றி எடுத்துவிட்டு, மேலிருந்து கீழே கிடைக்கோடுகளாக நீலத்தை இறக்குங்கள். கீழே வர வர நீரை மட்டும் சேர்த்தால் நீலம் தானே வெளிறிப் போகும். காய்ந்தபின் இன்னும் வெளிறும் என்பதால் கண்ணுக்குச் சற்றுக் கூடுதலாகத் தெரியும் நீலமே சரி.

படி 3: மேகம் (இங்கேதான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள்)

தலையைத் தாழ்த்தி, சன்னல் வெளிச்சம் தாளில் பட்டுத் திரும்பும்படி பாருங்கள். ஈரத்தின் நிலைகள் தெரியும்.

கண்ணாடிபோல் பளபளத்தால் நீர் இன்னும் மேலே நிற்கிறது. வெள்ளை மேகத்தை இப்போது எடுக்கலாம்: சுருட்டிய டிஷ்யூவால் மெல்ல ஒற்றுங்கள், ஒவ்வொரு முறையும் புதிய பக்கத்தால்.

பளபளப்பு அடங்கிப் பட்டுத்துணியின் மென்மினுக்கு வந்ததும் மேகத்தின் அடிநிழலை வைக்க வேண்டும். அல்ட்ராமெரினும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்த சாம்பல், பால் பதத்தில். தூரிகையில் இருக்கும் நீர் தாளில் இருக்கும் நீரைவிடக் குறைவாக இருக்க வேண்டும். அதற்கு, வண்ணம் தோய்த்த தூரிகையின் மயிர் உலோகத்தைச் சேரும் அடிப்பகுதியை ஒருமுறை டிஷ்யூவில் தொடுங்கள். நுனியைத் தொட்டால் வண்ணம் போய்விடும், அடியைத் தொட்டால் நீர் மட்டும் போகும்.

தூரிகை அதிக ஈரமாக இருந்தால், அந்த நீர் பாதி காய்ந்த பகுதிக்குள் பரவி, அங்கே படிந்துகொண்டிருக்கும் நிறத்துகள்களை ஓரத்துக்குத் தள்ளும். ரம்பப் பல் ஓரத்துடன் ஒரு காலிஃபிளவர் பூக்கும். பூத்துவிட்டால் கை வைக்காதீர்கள். தடவத் தடவப் பெரிதாகும். முழுதும் காய்ந்தபின் ஈரத் தூரிகையால் அந்த ஓரத்தை மட்டும் நனைத்து ஒற்றினால் பாதிக்கு மேல் மறையும்.

மினுக்கு முழுதும் போய்விட்டால் தூரிகையைக் கீழே வையுங்கள். காய்ந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே ஈரம் உண்டு. மிக ஆபத்தான நிலை இதுதான். நம் காற்றில் இது வெகுநேரம் நீடிக்கும்.

ஆனால் இதே ஈரக்காற்று ஈரத்தின்மேல் ஈரம் வைக்கும் உத்திக்குப் பெரிய வரம். வறண்ட ஊரில் பட்டு மினுக்கு சட்டென்று போய்விடும். இங்கே மேகத்தை நிதானமாக உருவாக்க நேரம் கிடைக்கிறது. யோங் முன் சென் (1896–1962), அப்துல்லா அரிஃப் (1904–1962) போன்ற நீர்வண்ண முன்னோடிகள் வாழ்ந்து வரைந்ததும் இதே தீவில்தான்.

படி 4: காய்ந்ததா?

புறங்கையைத் தாளுக்கு மிக அருகில் கொண்டுபோய் லேசாகத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்தால் ஈரம் இருக்கிறது. ஈரக்காற்றில் நீர் மெதுவாக ஆவியாவதால் அந்தக் குளிர்ச்சி குறைவாகவே தெரியும். அதனால் வண்ணம் படாத இன்னொரு துண்டுத் தாளைப் பக்கத்தில் வைத்து இரண்டையும் மாற்றி மாற்றித் தொட்டு ஒப்பிடுங்கள். அவசரமென்றால் ஹேர்டிரையர், குறைந்த வேகத்தில், 30 செ.மீ. தள்ளி, மினுக்கு அடங்கிய பிறகே. பளபளப்பின்போது ஊதினால் வண்ணம் ஓடும். ஏர்கோனை டிரை முறையில் ஓடவிடுவது இன்னும் நல்லது.

படி 5: மலையும் கடலும்

மேகநிழலுக்குக் கலந்த சாம்பலில் நீலத்தைக் கூட்டி, தேநீர்போல் நீர்த்து, மலையை ஒரே வீச்சில் நிரப்புங்கள். அடிவாரத்தைச் சுத்த நீரால் கரைத்துவிட்டால் கடல்மேல் மிதக்கும் மூட்டம் வந்துவிடும்.

கடலுக்குத் தூய நீலம் வேண்டாம். பினாங்கு நீரிணையின் நிறம் சாம்பல் பச்சை: அல்ட்ராமெரின், அதில் பாதிக்கும் குறைவாக மஞ்சள், துளி பர்ன்ட் சியன்னா. மலை காய்ந்தபின், தூரிகையைப் படுக்க வைத்து வேகமாகக் கிடையாக இழுங்கள். தாளின் சொரசொரப்பில் விடுபடும் வெள்ளைப் புள்ளிகளே நீரின் மினுமினுப்பு, அவற்றை நிரப்பிவிடாதீர்கள்.

எல்லாம் காய்ந்தபின் டேப்பைத் தாளோடு ஒட்டினாற்போல் மடக்கி, வெளிப்புறமாக மெல்ல உரியுங்கள். அன்றே உரியுங்கள், இரவு முழுக்க விட்டால் தாளின் மேற்தோலும் சேர்ந்து வரும்.

பிற்சேர்க்கை: அடிக்கடி வரும் இரண்டு கேள்விகள்

*நல்ல தாள்தான், ஆனால் பூச்சில் கரும்புள்ளிகள் விழுகின்றன.* தாளில் வண்ணம் உடனே ஊறாமல் தடுக்கும் பசை ஈரத்தில் கெட்டுப்போயிருக்கிறது. அந்த இடங்கள் மையொற்றுத் தாள்போல் உறிஞ்சுகின்றன. இதைச் சரிசெய்ய முடியாது, பென்சில் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். புதிய தாளை சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் ஜிப் பையில் மூடி, சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள்.

*வண்ணப்பெட்டியில் பூஞ்சை.* ஈரத்தோடு மூடியதன் விளைவு. மேற்பரப்பை ஈர டிஷ்யூவால் வழித்தெடுங்கள், நாற்றம் போகாவிட்டால் அந்தக் கட்டியை எறிந்துவிடுங்கள். இனி வரைந்து முடித்ததும் பெட்டியைத் திறந்தபடி மின்விசிறிக்குக் கீழே ஓர் இரவு வைத்து, கட்டிகள் கையில் ஒட்டாத பிறகே மூடுங்கள்.